ஆறாவது ஆணி

குல் ஜமான் செருப்பைக் கழற்றவில்லை.
கழற்றச் சொல்ல இனி இது என் வீடும் இல்லை.

ஷார்ஜா, அபு ஷகாரா, நாலாம் மாடி, நானூற்றேழு.
சாவிக்கொத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுகிறார்
தர்பூசணி வாங்க வந்தவர் போல.
காலி அறையில் அந்தச் சத்தம்
குளியலறை வரை போய்த் திரும்புகிறது.

டெபாசிட் இரண்டாயிரம் திர்ஹம்.
தாளின் உச்சியில் அதை எழுதினார்.
படியிறங்க ஆரம்பித்தது பணம்.

பெயின்ட் அறுநூறு.
அடுப்பு மேடையில் குக்கர் சுட்ட வட்டம், இருநூற்றைம்பது.
துப்புரவு இருநூறு
(நேற்று முழுக்க நான் மண்டியிட்டுத் துடைத்த தரை).
குளியலறைக் கதவு அடியில் ஊறியிருக்கிறது, முந்நூற்றைம்பது.
தண்ணீர் பட்டால் உப்புவது கதவின் குணம்,
குளித்தது எங்கள் குற்றம்.

ஏசி மூன்று கோடை ஒழுகியதே,
கட்டிலில் வாளியோடு படுத்தோமே என்றேன்
எனக்குத் தெரிந்த இந்தியில்.
"அது மெயின்டனன்ஸ், சிஸ்டர். இது டேமேஜ்."

பிறகு ஆணிகள்.
ஒன்றுக்கு இருபத்தைந்து. ஆறு.

ஐந்துதான் நாங்கள் அடித்தது.
ஹாலில் இருக்கும் ஆறாவது
நாங்கள் வரும்போதே இருந்தது, யாருடையதோ.
நான்கு வருடம் அதில் காலண்டர் தொங்கியது, அவ்வளவுதான்.
"மாட்டினீர்கள் அல்லவா?"
மாட்டினோம்.
"அப்போது உங்களுடையது."

மிச்சம் நானூற்றைம்பது.
ஒப்பந்தத்தில் உள்ள பெயருக்குத்தான் செக் வருமாம்.
ஒப்பந்தத்தில் உள்ள ஞானராயன் பர்னாந்து
விசா ரத்தாகி, பேங்க் கணக்கை மூடி,
பதினேழு நாளாகத் தூத்துக்குடியில் இருக்கிறார்.
வேலை போனதை நான் சொல்லவில்லை.
அவர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆபீஸுக்குப் போன் போட்டார். அரபியில் நீளமாக ஏதோ.
கணவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம், முத்திரையோடு.
முத்திரைக்கு எவ்வளவு ஆகும்?
தெரியாது என்று தாடியைத் தடவினார்.
நான் கொடுத்த பேப்பர் கப் டீயை
ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தார்.

பிறகு ஹாலுக்குப் போய்
ஆறாவது ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தார்.
அசையவில்லை. தலையில் பழைய துரு.
தாளை விரித்து, ஆறின் மேல் கோடு இழுத்து
ஐந்து என்று எழுதினார்.
முதலில் அடித்தவர் யாரோ,
இன்று அதை அடித்தது குல் ஜமான்.

ஆணிக்குக் கீழே, காலண்டர் இருந்த இடத்தில்
ஒரு வெள்ளைச் சதுரம்.
நான்கு வருடத்தில் எங்கள் கை படாத சுவர் அதுமட்டும்.
"இவ்வளவு இடத்துக்குப் பெயின்ட் வேண்டாமே" என்றேன்.

சிரித்தார்.
அறுநூறு அறுநூறாகவே இருந்தது.