இருபத்தாறு அடி

ஜூலை முதலாம் திகதி
மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும்.
வாடகை ஒப்பந்தங்கள் ஒரே இரவில் முடிந்து
மெத்தைகள் நடைபாதையில் வந்து படுத்துக்கொள்ளும்.
பத்தடி லொறி கேட்டேன். இல்லை.
பதினைந்தடி? பெடியன் சிரித்தான்.
இருபத்தாறு அடிதான் கிடந்தது,
ஒன்றே ஒன்று,
எங்கள் இரண்டு புது வீட்டுக்கும் சேர்த்து.

கௌதீசனின் லைசென்ஸ் மார்ச்சில் முடிந்தது.
புதுப்பிக்கச் சொல்லி நாலு தரம் சொல்லியிருந்தேன்.
ஐந்தாம் தரம் சொல்வது இனி என் வேலையில்லை.
சாரதி இருக்கையில் ஏறினேன்,
படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி,
ஆனை மேல் ஏறுவதுபோல.
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
லொறியின் வால் அடுத்த தெருவில் நிற்கிறது.

கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும்.
அவன் அறை கிட்ட, என் வீடு வெர்டனில்.
ஆகவே என் சாமான்கள் உள்ளே ஆழத்தில்,
அவனுடையவை கதவோரம்.
கிரைண்டர் யாருக்கென்று
மே மாதம் முழுக்கப் பேசியும் தீரவில்லை.
அதை நடுவில் வைத்துப் பட்டியால் கட்டினோம்.

ரயில் பாலத்தடியில் நிறுத்தினேன்.
லொறியின் உயரம் அடியில் எழுதியிருக்கிறது,
பாலத்தின் உயரம் மீற்றரில்.
பின்னால் ஒரு பஸ், ஒரு ஐஸ்கிரீம் வண்டி,
ஹோர்ன்களின் கச்சேரி.
கௌதீசன் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தான்.
கணக்கில் அவன் எப்போதும் கெட்டி.
"ஒன்பது சென்டிமீற்றர் இருக்கு. போ."
"நிச்சயமோ?"
இறங்கி முன்னால் நடந்தான்,
அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி,
பெருவிரலும் சுட்டுவிரலும் அந்த ஒன்பதைப் பிடித்தபடி.
நான் மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கினேன்,
லொறி அதனால் குள்ளமாகும் என்பதுபோல.
போய்விட்டது.

அவன் தெருவில் ஒரு கம்பத்தில் நாலு பலகை.
செவ்வாய் காலை நிறுத்தாதே,
வெள்ளி மத்தியானம் நிறுத்தாதே,
அனுமதிச் சீட்டுள்ளோர் தவிர,
ஏப்ரல் தொடங்கி டிசம்பர் வரை.
இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோனது.
ஒரு இடைவெளி இருந்தது.
அதில் யாரோ இரண்டு சாப்பாட்டுக் கதிரைகளைப் போட்டு
இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.
பல்கனியில் பனியனோடு ஒருவர்,
எங்களைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார்,
இறங்கி வந்து கதிரைகளை எடுத்து
அதிலொன்றில் தானே அமர்ந்தார், வேடிக்கை பார்க்க.

"வா, வா, வா... இடப்பக்கம் ஒடி."
"ஆற்ற இடம்?"
"என்ன?"
"உன்ர இடமோ, என்ர இடமோ?"
நெடுநேரம் பதில் வரவில்லை.
கண்ணாடியில் தேடினேன். கௌதீசன் இல்லை.
லொறியின் பின்கதவில் ஒட்டியிருக்கிறதே,
என் கண்ணாடி உனக்குத் தெரியாவிட்டால்
நீ எனக்குத் தெரியமாட்டாய் என்று.
பத்து வருஷம் வாசித்துக்கொண்டே
நெடுஞ்சாலைகளில் முந்திப் போயிருக்கிறோம்.
பிறகு வலது கண்ணாடியின் ஓரத்தில்
ஒரு கை மட்டும் வந்தது.
"உன்ர இடம்," என்றது.

மூன்றாவது முயற்சியில் நுழைந்தது.
பனியன்காரர் கைதட்டினார்.
வளைந்த இரும்புப் படியில்
அவன் மேசை சிக்கி, காலைக் கழற்றி,
திருகாணி ஒன்று காசித் தாள்களுக்குள் தொலைந்து,
எல்லாம் ஏற இரண்டரை மணி.
"வெர்டனுக்கு நானும் வரட்டோ?
இறக்க ஆள் வேணுமே."
"மர்லீன் வாறாள். பேக்கரியில ரெண்டு பெடியளும்."
தலையாட்டினான்.
லொறியின் பக்கவாட்டை இரண்டு தரம் தட்டினான்.
பஸ் கொண்டக்டர் மாதிரி.

வெர்டனில் வழிகாட்ட ஒருவருமில்லை.
அபாய விளக்கைப் போட்டு
கார்களுக்குப் பக்கத்தில் அப்படியே விட்டேன்.
அறுபத்தேழு டொலர் தண்டம்.

ஆறு மணிக்கு லொறியைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெடியன் டோர்ச்சோடு சுற்றிவந்தான்,
கீறல் தேடி.
பின்கதவை உயர்த்தினான்.
வெறும் பலகைத் தரை, இருபத்தாறு அடி,
நடுவில் பட்டியில் கட்டியபடி கிரைண்டர்.
"இது உங்களுடையதோ?"

எண்ணெய் முள்
எடுக்கும்போதும் முக்காலில்தான் நின்றது
என்று சொன்னேன்.