மூன்றாம் மண்டலத்தில் குமிழி

சால்சாக் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
ஆலை விளக்குகளை ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டிருக்கிறது.
இரவு ஷிப்ட். வேதாத்தும் நானும்.

பீப்பாயில் சிலிக்கோன்.
மணலாய் இருந்த நாளை மறந்து
தேன் பதத்தில் கிடக்கிறது.
கையில் பட்டால் மூன்று நாள் போகாது:
கதவுப் பிடி, பேனா, வீட்டில் வெண்ணெய்க் கத்தி,
தொட்டதெல்லாம் வழுக்கும்.

மற்றக் குழாயில் ஐசோசயனேட்.
முன்கோபி.
பக்கத்தில் யாராவது ஈரத்துணி பிழிந்தால்கூட
நுரைத்து எழும்.

நுனியில் அமைன் இல்லாத வெறும் எண்ணெயை
அதில் ஒருமுறை கலக்கிப் பார்த்திருக்கிறேன்.
காபி ஆறுவதற்குள் பாகம் பிரித்துக்கொண்டன.
அதனால்தான் நுனிக்கு நுனி முடிச்சு.
முடிந்த பிறகும் மனம் சேர்வதில்லை;
கெட்டி கெட்டியோடு, இளக்கம் இளக்கத்தோடு
ஒதுங்கிக்கொள்ளும்.
ஒதுங்கலாம், ஒரு சங்கிலி நீளம் வரை.
கிலோ கணக்கில் விற்கிறோமே, அந்த இழுவை
முழுக்க அந்தப் பிணக்கிலிருந்து வருவது.

இரட்டைத் திருகு சுழலச் சுழல
நூற்றெண்பது டிகிரியில் கண்ணாடிக் கயிறாய் வெளியே வந்து
தண்ணீர்த் தொட்டியில் விழுந்து
வெட்டியில் அரிசியாய்ச் சிதறும்.
கேபிள் உறைக்கு, பம்பின் சவ்வுக்கு,
எந்த ஊர் ரயிலின் கதவு விளிம்புக்கோ.

மூன்று பத்துக்குக் கயிறு வெளுத்தது.
முறுக்குவிசை முள் சரிந்தது.
வெட்டிப் பார்த்தால் உள்ளே குமிழி,
பியர் நுரை மாதிரி, பொடிப்பொடியாய்.

நைட்ரஜன் சரி. பம்பு சரி.
பீப்பாய் மூடி மட்டும் ஒருக்களித்திருந்தது.
இரண்டரைக்கு வேதாத்துக்கு ஃபோன் வந்தது.
எர்சுரூமிலிருந்து என்று நினைக்கிறேன்,
துருக்கியில் இரண்டே சொல் பேசினான்.
அப்படியே பனிக்குள் இறங்கிப் போனவன்
திரும்பும்போது முடி நனைந்திருந்தது.

நானூறு கிலோ கழிவு.

இழுவை எந்திரத்தில் பட்டையை மாட்டுகிறேன்.
மாலையில் எடுத்தது எட்டு மடங்கு நீண்டு, விட்டதும் மீண்டது;
நூற்றில் மூன்று பங்கு மட்டும் மீளவில்லை.
அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
இப்போதையது இரண்டு மடங்கில்
குமிழி இருந்த இடத்தில்
பட்டென்று.

காரணம்? என்று கேட்கிறது அறிக்கை.
கண்ணாடிக்கு அப்பால் வேதாத்
பித்தளைத் தூரிகையால் திருகைச் சுரண்டுகிறான்,
ஏற்கெனவே சுத்தமான இடத்தையே.

மூடுபனி, என்று எழுதுகிறேன்.
பேனா வழுக்குகிறது.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக்
கையெழுத்துப் போடுகிறேன்.