இரண்டு முதல் இரண்டரை வரை

மாதக் கடைசியில் அந்தத் தாளில்
ஒப்பமிடுகிறவள் நான்.
பெயர், ஓய்வு தொடங்கிய நேரம், முடிந்த நேரம்.
பதினோரு வருடமாக எல்லாக் கட்டத்திலும்
இரண்டு முதல் இரண்டரை வரை.
ஷிஃப்ட் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிடுவோம்.
பிறகு பேனாவைத் தேட நேரமிருக்காது.

புன்டா அரீனஸில் ஜூன் மாதம்
விடிவதற்குப் பத்து மணி ஆகிவிடும்.
மகெல்லன் நீரிணையிலிருந்து கிளம்பி வரும் காற்று
மூன்றாம் மாடி ஜன்னல் ஒவ்வொன்றையும்
இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும்,
பூட்டைச் சோதிக்கும் காவலாளி மாதிரி.
உள்ளே இருபத்தாறு கட்டில். நாங்கள் மூன்று பேர்.
உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை.
சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை.

மிலெங்கா கொண்டுவருவது கசுவேலா:
ஒரு துண்டு பூசணி, ஒரு உருளைக்கிழங்கு,
ஆட்டெலும்பு, அது முங்கும் அளவு சாறு.
மைக்ரோவேவில் சுற்றும். மணி அடிக்கும்.
அதே நேரம் ஏதோ ஒரு கட்டிலில் இன்னொரு மணி.
எதற்கு ஓடுவாள் என்று கேட்கவே வேண்டாம்.
மூன்றாம் தடவை சுடவைத்தபோது
பூசணி கரைந்து காணாமல் போயிருந்தது.

நோல்பெர்ட்டோ இன்னும் கெட்டிக்காரன்.
தண்ணீரே குடிக்கமாட்டான்.
குடித்தால் போகவேண்டி வரும்,
போனால் நாலு நிமிஷம்,
நாலு நிமிஷத்தில் ஒரு ட்ரிப் காலியாகும்.
போன குளிர்காலம் சிறுநீரகக் கல்லோடு
எங்கள் வார்டிலேயே வந்து படுத்தான்.
அவனைக் கவனித்ததில் என் சாப்பாடு போயிற்று.
அதற்கும் சிரித்தோம்.

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டாம்.
உண்ணாத களைப்புக்குத் தாளில்
கட்டம் ஏதும் அச்சடிக்கவில்லை.

செவ்வாய் இரவு
ஏழாம் கட்டிலில் டோன் எலியோதோரோ.
ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகு வளைந்தவர்.
காலையில் அறுவை, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது.
தூக்கமில்லை. மூக்கு மட்டும் நன்றாக விழித்திருந்தது.
"யாரது, ஒரு மணி நேரமாக எலும்பைச் சுடவைப்பது?
தின்னவும் காணோம், என்னைத் தூங்க விடவும் காணோம்.
இங்கே கொண்டுவா. என் எதிரில் தின்னு.
மணியை அதிகம் அடிக்கிற ஆளே நான்தான்.
அடிக்கமாட்டேன், போ."

நோயாளியின் அறையில் சாப்பிடக் கூடாது.
பட்டினி கிடப்பவர் எதிரில் சாப்பிடுவதற்கு
விதிகூட எழுதியிருக்கமாட்டார்கள்.
தடுக்கத்தான் நான் கதவுவரை வந்தேன்.
மிலெங்கா நாற்காலியை இழுத்தாள்.
தரையில் கால் உரசுகிற அந்தக் கீச்சு
இந்த வார்டின் எந்த ராத்திரியிலும்
நான் கேட்டதில்லை.

உப்பு?
கம்மி.
எலும்பில் சதை இருக்கிறதா?
ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கையால் எடு, என்ன வெட்கம்.
எடுத்தாள்.
அவர் கண்ணை மூடிக்கொண்டு
அவளோடு சேர்ந்து
வெறும் வாயை மென்றார்.

உருளைக்கிழங்கு பாதியாகும்போது
பதின்மூன்றாம் கட்டில் அழைத்தது.
அவள் எழுந்தாள்.
நான் போனேன்.

ஷிஃப்ட் முடிவில் தாளைப் பார்த்தேன்.
தன் இரண்டு முதல் இரண்டரையை
மிலெங்கா அடித்திருந்தாள்.
மேலே நெருக்கி எழுதியிருந்தாள்:
3.41 முதல் 3.52. உட்கார்ந்து.
அதற்குக் கீழே நோல்பெர்ட்டோவின் கோழிக் கிறுக்கல்:
இல்லை.
அவ்வளவுதான்.

என் வரியில், நேற்றே எழுதிய நேரம்,
நிதானமான அழகான எழுத்தில்.
கீழே தெருமுனையில் வீடு திரும்புகிறவர்கள்
காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொருவராக இருட்டுக்குள் நகர்கிறார்கள்.
என் வரியையும் அடித்தேன்.
பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

டோன் எலியோதோரோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
போகிற போக்கில் தலையைத் தூக்கி,
மிலெங்காவைத் தேடி, காணாமல், என்னிடம்:
"உருளைக்கிழங்கை முடித்தாளா?"

"பாதி" என்றேன்.