இடம் காணாது

ஒட்டுசுட்டான் காணிக் கிளையில்
காலை ஒன்பதரைக்கே சேர்வர் கையை விரித்துவிட்டது.
நூறு வீதம் நிரம்பியாச்சு.

கவுண்டருக்கு வெளியே திரவியராசா,
சொப்பின் பையில் எழுபத்தாறாம் ஆண்டுப் பெர்மிற்.
"ஸ்கான் பண்ண ஏலாது அண்ணை, இடம் காணாது."
"உதை எனக்கு எத்தினை பேர் சொல்லியாச்சு" என்று
கதிரையை இழுத்துப் போட்டார்.

டிஸ்க்கைத் திறந்து பார்த்தால்
எங்கள் அறுபது ஜிபிக்குப் பக்கத்திலேயே
நானூற்று நாற்பது,
ஒருவர் பேரிலும் இல்லாமல்
பூட்டின நாள் தொட்டுக் கிடக்கிறது.

முதல் கட்டளையில் எல்லை நகர்ந்தது.
சேவையர் வரவில்லை, சங்கிலி இழுக்கவில்லை,
ஒருவரும் மண் அள்ளித் தூற்றவில்லை.
ஆனாலும் சேர்வர் நூறு வீதம் என்றே நின்றது.
"வேலி தள்ளியாச்சு அண்ணை,
உள்ளுக்கு இருக்கிறவைக்கு இன்னும் சொல்லேல்லை.
அதுக்கு இரண்டாவது கட்டளை."

பதினொரு விநாடி.
பன்னிரண்டு வீதம்.

பெர்மிற்றை ஸ்கானரில் விரித்தேன்.
மடிப்புக் கிழிசலில் கிணறு இரண்டாய் நின்றது.
மூன்று ஏக்கர், இரண்டு எம்பி.

"ஏறிட்டுதோ?"
"ஏறிட்டுது."
"அப்ப அந்த இரண்டாவதைக்
காம்புக்குள்ளை இருக்கிறவைக்கும் ஒருக்கா அடிச்சுவிடும்."
சொல்லிவிட்டு, கொப்பிக்கு எவ்வளவு என்று
சட்டைப்பைக்குள் சில்லறை தேடினார்.