தார்ப்பாய் கட்டும் இடம்

புளியரை செக்போஸ்ட்டுக்கு முன்னால்
வண்டியை ஓரம் கட்டுவேன்.
இங்கே வெயில்.
வைக்கோல் கட்டுகளில் புழுதி மணக்கும்.
எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் தொட்டால்
வைப்பர் போட வேண்டும்.
நடுவில் ஒரு பாட்டு முடிகிற தூரம்தான்.

கிளீனர் இசக்கிராஜ்
சமூக அறிவியலில் மட்டும் தவறியவன்.
அடுத்த மாதம் துணைத்தேர்வு.
மேலே நின்று கயிற்றை இழுத்தபடி ஒப்பிக்கிறான்:
"வானிலை, அந்தந்த நாளோட நிலை.
காலநிலை, முப்பது வருஷச் சராசரி."

நான் ஸ்டியரிங் பிடித்து இருபத்திரண்டு வருஷம்.
காலநிலை பற்றி வாய் திறக்க
இன்னும் எட்டு பாக்கி.

மலைக்கு அந்தப்புறம் ஏன் கொட்டுகிறது,
இந்தப்புறம் ஏன் காய்கிறது?
ஐந்து மதிப்பெண்.
புத்தகத் தமிழ் அவன் நாக்கில் ஏறவில்லை.
தன் பாஷைக்கு மாற்றினான்:
"மேகமும் லோடு வண்டிதாண்ணே.
அரபிக்கடல்ல ஏத்துது.
ஏற ஏறக் குளிருது, பாரம் தாங்கல,
ஆரியங்காவுப் பக்கமே இறக்கிடுது.
நம்ம பக்கம் வாரது காலி வண்டி."
அதற்குப் பெயர் மழை மறைவுப் பகுதியாம்.
நமக்கான லோடு ஐப்பசியில்
வேறு கடலிலிருந்து, வேறு காற்றில் வரும்.

புனலூரில் சட்டை காயாது.
தென்மலைக் காட்டில் பகலிலும் முகப்பு விளக்கு.
ஆலங்குளம் தாண்டினால் உடைமரமும் காற்றாடியும்.
ஒரு டேங்க் டீசலில்
மூன்று பாடம் முடிந்துவிடும்.

நனைந்த கட்டுக்கு முதலாளி கூலியில் பிடிப்பார்.
அந்தச் சண்டைக்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்:
தேதி, இடம், நனைந்த கட்டு.
இசக்கிராஜ் அதைப் பாடப்புத்தகம் போலப் புரட்டினான்.
பழைய ஜூன்களில்
தினமும் இரண்டு, மூன்று, இரண்டு.
இப்போதைய ஜூன்களில்
இருபது நாள் சுழி,
பிறகு ஒரே ராத்திரியில் நாற்பது.

"ஒரு வருஷம் இப்படின்னா வானிலை.
நோட்டு பூராவும் இப்படின்னா?"

நான் கியர் மாற்றினேன்.

காற்று சூடானால் ஈரத்தை அதிகம் பிடித்துவைக்குமாம்.
"பெரிய பாடி கட்டின வண்டி மாதிரி.
நிறைய நாளாகும்.
கொட்டினா மொத்தமும் கொட்டும்."

சரி, காற்று ஏன் சூடாகிறது?
அவன் கையால் தார்ப்பாயைத் தட்டினான்.
பூமிக்கும் ஒன்று இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத வாயுவில்.
அது இல்லாவிட்டால் விறைத்துப்போவோம்.
வெயிலை உள்ளே விடும்,
வெக்கையை லேசில் வெளியே விடாது.
நிலக்கரியும் டீசலும் எரிய எரிய
அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று
போர்த்திக்கொண்டே இருக்கிறோம்.
மூடிக் கட்டிய பாய்க்கடியில்
உச்சிவெயிலில் கை விட்டுப் பார்த்தவன் நான்.
எனக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

"காரணம் மூணு எழுதணும்.
வண்டிப்புகை ஒண்ணு.
நம்ம வண்டியையும் சேக்கவாண்ணே?"

கண்ணாடியில் பார்த்தேன்.
வளைவு முழுக்க எங்கள் பின்னால்
கறுப்பாக ஒரு வால்.
வண்டிக்குத் தவணை இன்னும் பதினான்கு.

"சேத்துக்கோ. நம்பரோட எழுது."

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
மீதி இரண்டு காரணத்துக்குப் பக்கம் தேடினான்.

ஆரியங்காவு.
ஜூன் பதினெட்டு.
வைப்பர் போடவில்லை.
கட்டிய பாய் காய்ந்த காற்றில் படபடவென்று அடித்தது.
டீக்கடையில் நிறுத்தி
நோட்டில் எழுதினேன்:
நனைந்த கட்டு, இல்லை.