நெஞ்சு உயரத்தில்

மரத்தை அளப்பது நெஞ்சு உயரத்தில்.
யாருடைய நெஞ்சு என்று கைநூலில் இல்லை.
குலவீரசிங்கத்தின் நெஞ்சுக்கும் என்னுடையதுக்கும்
ஒரு சாண் வித்தியாசம்.
அதனால் தடியொன்றை நாலடி நாலங்குலத்தில் தறித்து
அதுதான் எங்கள் இருவரின் நெஞ்சு என்று
வைத்துக்கொண்டோம்.

மணற்காட்டுக்குத் தெற்கே
சங்கத்தின் சவுக்குக் காணி, எண்பது பரப்பு.
கன்று வைத்தபோது எட்ட எட்டத்தான் நின்றன.
ஒன்பதாம் வருடம் தலைகள் முட்டி
நடுவில் அகப்பட்டவை வெளிச்சத்துக்காக
ஈர்க்குப் போல மெலிந்து ஏறுகின்றன.
மூன்றுக்கு ஒன்று போகவேண்டும்.

எது?

வஸ்தியாம்பிள்ளையருக்கு வாடிக்கு வளை வேணும்.
"பெருத்ததாய் ரெண்டு காட்டு, பிள்ளை."
மரக்காலைக்காரரும் பெருத்ததையே கேட்கிறார்,
காசை உடனே வைக்கிறார்.
எங்கள் நாசம் எப்போதும் ரொக்கமாய்த்தான் வரும்.

நான் சிவப்புப் போடுவது
கோணலுக்கு, கவர் விட்டதுக்கு,
வண்டு துளைத்ததுக்கு,
நல்லதின் தோளை இடித்துக்கொண்டு நிற்பதுக்கு.
"கழிசலை வித்து என்னத்தைக் காணுறது?"
பொருளாளர் சலோமை கேட்கிறா.
காணலாம், ஆறு வருடத்தில்,
இன்றைக்கு விட்டுவைக்கிறதை.
அவவுக்கு ஆறு வருடம் என்றால்
இரண்டு வலைக் கடன், ஒரு மகளின் கலியாணம்.
அதையும் எழுதினேன்.
கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

சவுக்கு பூவரசு இல்லை.
தறித்த அடி திரும்பத் தழைக்காது.
ஆகவே வெட்டுக்கு முன்னமே நாற்று:
ஆயிரத்து எழுநூறு பை, கிணற்றடியில்,
ஆடு எட்டாத வேலிக்குள்.
(எட்டுகிற ஆடு ஒன்று உண்டு.
அதுவும் சலோமையின்ரைதான்.)

சருகு அள்ள வருகிறவர்களை
மூன்றில் ஒரு பங்கு விடச் சொல்கிறேன்.
அடுப்புக்கு முதல் மணலுக்குப் பசி.
சோளகம் எழும்புமுன்
நெருப்புப் பாதையைக் கூட்டி முடிக்கவேண்டும்,
இருபதடி அகலம், ஒரு துரும்பு இல்லாமல்.

கடலைப் பார்த்த முன்வரிசை பழையது.
வாள்கார ஜெறோம் பட்டையைத் தடவிவிட்டு
கையை எடுத்துக்கொள்கிறார்.
உள்ளே சன்னம்.
முந்தியொருக்கா வாளின் பல் தெறித்து
அவருடைய புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது.
"அந்த ஈயந்தான் பாருங்கோ மரத்தைக் காப்பாத்துது."
நான் ஒப்பவில்லை. காப்பது விதி ஏழு:
காற்று மறிக்கும் முதல் நாலு வரிசையில்
எவரும் எக்காலமும் கைவைப்பதில்லை.
ஜெறோம் சிரிக்கிறார்.
"விதி எண்டுதானே நானும் சொல்லுறன்."

பொழுதுபட, கடைசிச் சோடி.
இரண்டடி இடைவெளியில் இரண்டு மரம்,
இரண்டும் நேர், இரண்டும் கொழுப்பு.
தடியை வைத்தோம், நாடாவைச் சுற்றினோம்,
நூலளவும் பிசகாமல் ஒரே சுற்றளவு.
குலவீரசிங்கம் வடக்கே நின்றதைக் காட்டினார்.
நான் தெற்கே நின்றதை.
தூரிகை காய்ந்துகொண்டிருந்தது.
நாளைக்குப் பாப்பம் என்று
பெயின்ற் தகரத்தை மூடி
மூடியின் மேல் ஏறி நின்று மிதித்தேன்.