பின்சில்லு

பற்றரிக்குத் தடை.
அதனால் டெல்மர் ஹக்கின்ஸை
நாங்கள் காலால் மிதித்துத்தான் கேட்டோம்.

மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் பின்னால்
இரட்டைக் கால் போட்டு நிறுத்திய சைக்கிள்,
பின்சில்லில் உரசும் டைனமோ,
அதிலிருந்து இரண்டு வயர் கசற் றெக்கோடருக்கு.
வெளிநாட்டு டொக்டர் போகையில்
வெறும் மருந்துப் பெட்டிக்குள் விட்டுப்போன கசற்.
ஒரு பக்கம் முழுக்கப் பூஞ்சணம்.
மற்றப் பக்கத்தில் அவன்.

பாட்டு இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"எப்ப தொடங்கும்?" என்றார்
அம்புலன்ஸ் ஓட்டுகிற அரியகுட்டி அண்ணர்.
தொடங்கிப் பத்து நிமிசம்.
மலேரியாக் கட்டிலில் கிடந்த ஒருவர்
பல்லால் அவனோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

அட்டையில் எறும்பளவு எழுத்தில் அவன் சரித்திரம்.
இரவு வேலை முடித்து வந்த ஜெசிந்தா மிஸ்
எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னா.
பிறந்தது துல்சாவில்.
பதினாலு வயதில் சர்க்கஸ் கூடாரம்,
கயிற்றில் நடக்கிறவள் தடுமாறும்போது
மேளத்தை உருட்டுகிற வேலை.
பிறகு கப்பல். பிறகு பட்டாளம்.
அங்கே துவக்குக் கொடுக்கவில்லை, கோப்பை கழுவ விட்டார்கள்.
சிக்காகோவில் நிலத்துக்குக் கீழே ஒரு விடுதியில்
ஆறு வருசம் இரவிரவாக வாசித்தான்.
"பங்கருக்குள்ளயோ?" என்றார் அரியகுட்டி அண்ணர்.
நாற்பத்தொரு இசைத்தட்டு,
எல்லாம் வேறு ஆட்களின் பேரில்.
தன் பேரில் ஒன்றே ஒன்று. இது.
ஐம்பத்துநாலு தொடக்கம் அறுபத்தொன்று வரை
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
மிஸ் அட்டையைத் திருப்பியும் பார்த்தா.

எனக்குக் களைத்தால் அவனுக்கும் களைக்கும்.
தொடை இறுகினால்
சிம்பல் ஆறின கஞ்சிபோல் இழுபடும்.
கிபிர் சத்தம் கேட்டால்
கால் தானாக விரையும்,
அவனும் அந்தரப்பட்டு ஓடிவருவான்.
அப்படித்தான் அவனை அறிந்தேன்.
கெட்டிக்காரன்.
ஆனால் பயந்தவன்.

கசற் அடுத்த மாரிக்குள் சிக்கிக்கொண்டது.
நாடாவை உருவி, துணுக்காய்ப் பக்கம் ஒருவர்
வயலுக்குக் குறுக்கே கட்டினார், கிளி விரட்ட.
காற்றுக்கு மினுங்கினான், விர்ரென்றான்.
அட்டையில் இல்லாத வேலை, அதுவும்.
சைக்கிளை உடையார்கட்டில் விட்டேன்.

பிறகு கிளிநொச்சியில் ஒரு நேர்முகம்.
சைக்கிள் கடை, ஆஸ்பத்திரி ஜெனரேற்றர்
எல்லாம் வருசத்தோடு எழுதியிருந்தேன்.
"ரெண்டாயிரத்து எட்டிலயிருந்து பத்து வரைக்கும்?"
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.
ஏழு வருசம் எழுதாமல் விட்ட ஒருவனை
எனக்குத் தெரியும் என்று சொல்லவா?
"வேலையில்லை, சேர்."
அவர் ஒரு கோடு இழுத்தார்.
தண்ணீர்ப் பம்புக்குப் பொறுப்பாளர் ஆனேன்.

போன மாசம் மகள்
ஃபோனில் அவனைத் தேடி எடுத்துத் தந்தாள்.
இது அவனில்லை என்றேன்.
பேரைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள்.
மெலிந்த மனிசன், ஒரு காதில் பஞ்சு.

இவ்வளவு ஆறுதலாகவா வாசித்தான்?
ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவில்
யாரோ கிளாசை மேசையில் வைக்கிறார்கள்,
ஒரு கதிரை நகர்கிறது,
ஒரு பெண் சிரிப்பதற்கு முன் மூச்சு எடுக்கிறாள்.
அவள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.
எல்லாரையும் மிதித்துக் கடந்திருக்கிறேன்.

"நிப்பாட்டவா அப்பா?"
கட்டிலுக்குக் கீழே என் வலது கால்
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது,
அவனுடைய தாளத்துக்கு அல்ல.
விடு பிள்ளை, என்றேன்,
எனக்கு இன்னும் களைக்கேல்லை.